கடைசியாக எப்போது வந்தது?

மும்பையில் சயான் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் தாராவி, மாதுங்கா லேபர் கேம்ப், கோலிவாடா பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பேன். பிள்ளைகள் காலேஜுக்கும் வேலைக்கும் கிளம்புவதற்கு முன்னால் போயாக வேண்டும் என்பதால் ஆறரை மணிக்கெல்லாம் 90 அடி ரோட்டில் இருப்பேன். எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, மீதி நேரம் மெஷின் பக்கம் வேலை.

எண்ணிக்கையில் அதிகம் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் எடுக்கிற ரத்தம்தான். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் மனதில் ஓடிக்கொண்டிருப்பது சினைப்பை ஹார்மோன்களுக்காக வருகிற பெண்களின் முகம். எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடயால், புரோஜெஸ்ட்ரோன், டெஸ்டோஸ்டிரோன், ஏஎம்எச் என்று டாக்டர் சீட்டில் வரிசையாக எழுதியிருப்பார். எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் மூளையிலிருந்து சினைப்பைக்குக் கட்டளை கொண்டுபோகிறவை, எஸ்ட்ரடயால் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை, ஏஎம்எச் சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டுவது. பெயரும் வயதும் குறித்த கையோடு, "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?" என்று கேட்பேன். உடனே அம்மாமார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்பா கூட இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நிற்பார். "போன பொங்கலுக்கு முந்தி வந்துச்சுன்னு நெனைக்கேன்", "இவ தம்பிக்கு டெங்கு வந்துச்சுல்லா, அந்தச் சமயம்" என்பது போலத்தான் பதில் வரும். தேதி சொல்கிறவர்கள் குறைவு.

அந்தத் தேதி இல்லாமல் ரிப்போர்ட்டில் வருகிற எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சர்க்கரை என்றால் வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகா என்று கேட்டால் போதும். சினைப்பை ஹார்மோன்கள் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறவை. மாதவிடாய் வந்த இரண்டாம், மூன்றாம் நாள் எஸ்ட்ரடயால் குறைவாக இருக்கும். கருமுட்டை வெளியாவதற்குச் சற்று முன்னால் அதே பெண்ணுக்கே பல மடங்கு ஏறிவிடும். புரோஜெஸ்ட்ரோன் சுற்றின் முதல் பாதி முழுக்க ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமைத் தாண்டாது. முட்டை வெளியான ஒரு வாரத்தில் 10க்கு மேலேகூடப் போகும். அதனால்தான் எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடயால் மூன்றையும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் பார்க்கிறார்கள். முட்டை வெளியானதா என்று அறிய, அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு புரோஜெஸ்ட்ரோன் பார்க்க வேண்டும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு அது 21ஆம் நாள். 35 நாள் சுற்று உள்ள பெண்ணையும் 21ஆம் நாளே அனுப்பிவிடுகிறார்கள். எண் குறைவாக வரும், "முட்டையே வரல" என்று வீட்டில் அழுகை நடக்கும். அவளுக்கு 28ஆம் நாள் பார்த்திருக்க வேண்டும். ஏஎம்எச் மட்டும் எந்த நாளில் எடுத்தாலும் பெரிதாக மாறாது.

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எஸ்ட்ரடயாலைப் பிகோகிராமில் அளக்கிறோம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். இவ்வளவு நுணுக்கமாக அளக்க வழி காட்டியவர் ரோசலின் யாலோ என்ற அமெரிக்கப் பெண்மணி. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில், சாலமன் பெர்சன் என்ற டாக்டரோடு சேர்ந்து 1950களில் இன்சுலினை அளக்கக் கண்டுபிடித்த முறை, பிறகு எல்லா ஹார்மோன்களுக்கும் வந்தது. 1977இல் நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை. அவர்கள் கதிரியக்க அயோடினை வைத்து அளந்தார்கள். இப்போது எங்கள் மெஷின் ஒளியை வைத்து அளக்கிறது. லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. படிக்கும்போது இதைப் படித்துவிட்டு நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். இன்றைக்கும் காலையில் மெஷினைப் போடும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. முடி கொட்டுகிறது என்று பயாட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது நிறைய. பல மெஷின்களின் பரிசோதனை முறைக்குள்ளேயே பயாட்டின் ஒரு பாகமாக இருக்கிறது. ரத்தத்தில் அது மிகுந்து கிடந்தால் தைராய்டுக்குப் பார்க்கிற டிஎஸ்எச், எஃப்எஸ்எச் போன்றவை உண்மையைவிடக் குறைவாகவும், எஸ்ட்ரடயால், டெஸ்டோஸ்டிரோன் போன்றவை உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே இதுபற்றி எச்சரித்தது. ஹார்மோன் கோளாறால் முடி கொட்டி, அதற்காக பயாட்டின் சாப்பிட்டு, அதனாலேயே ஹார்மோன் ரிப்போர்ட் தப்பாக வருகிறது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். முடிக்கு என்ன சாப்பிட்டாலும் ரத்தம் எடுக்கிறவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு ஆதங்கத்தால்.

எங்கள் பகுதியில் இந்த டெஸ்டுக்கு ஒரு பெண்ணைக் கூட்டிவருகிறார்கள் என்றால் அனேகமாக ஜாதகம் கைமாறியிருக்கும். இல்லாவிட்டால் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியும் விசேஷம் ஒன்றும் இல்லை என்று மாமியார் கேட்கத் தொடங்கியிருப்பார். அதற்கு முன்னால் பதினாறு வயதிலிருந்து அவளுக்கு வருஷத்தில் நான்கு முறைதான் வந்தது என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்லா யக்கா?" என்று என்னிடமே கேட்பார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் அப்புறம் அந்த ஃபைலை யாரும் எடுப்பதில்லை. பிள்ளைப் பேறு என்பது சினைப்பை ஹார்மோன்கள் செய்கிற வேலைகளில் ஒன்று. எலும்பு, ரத்தக் குழாய், மூளை, தோல், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பையின் உள்சவ்வு என்று எல்லா இடத்திலும் ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கொள்கிற ஏற்பிகள் இருக்கின்றன. அது தாறுமாறானால் அத்தனை இடத்திலும் கேடு வரும், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும்.

பரேலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் இனப்பெருக்க, குழந்தைநல ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் மும்பையில் 15 முதல் 24 வயதுப் பெண்களைப் பார்த்து 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று எல்லோரும் சொல்கிற ஹார்மோன் கோளாறுதான் பிசிஓஎஸ். அதை உறுதிசெய்ய உலகெங்கும் பயன்படுகிற ராட்டர்டாம் அளவுகோலின்படி 22.5 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இன்னும் கறாரான வேறொரு அளவுகோலில் 10.7 சதவீதம். குறைந்த எண்ணை எடுத்தாலும் ஒரு வகுப்பில் நான்கைந்து பெண்கள்.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதி வந்தவுடன் அதை வெட்டி எடுக்க வேண்டுமா என்று பயப்படுகிறார்கள். வேண்டாம். அந்தச் சின்ன உருண்டைகள் முட்டையை உள்ளே வைத்துக்கொண்டு வளர ஆரம்பித்து, பாதியில் நின்றுபோனவை. நின்றதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. பலருக்கு இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. கூடுதல் இன்சுலின் சினைப்பைக்குப் போய் அங்கே ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதிகம் செய்ய வைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கிற ஒரு புரதம் கல்லீரலில் உண்டாகிறது. அதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. பிடிப்பார் இல்லாத டெஸ்டோஸ்டிரோன் தாடையில் முடியாகவும் முகத்தில் பருவாகவும் உச்சந்தலையில் வழுக்கையாகவும் தெரிகிறது. முட்டை வெளியாகாததால் மாதவிடாய் தள்ளிப்போகிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் வருகிற கறுப்பைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட ஒரு பிள்ளையை லேபர் கேம்பில் பார்த்தேன். அது அழுக்கு இல்லை கண்ணு, இன்சுலின் அதிகம் என்று தோல் காட்டுகிற அடையாளம் என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய அம்மா, "இத்தன நாளா சோப்ப மாத்திக்கிட்டே இருந்தோமே" என்றார். அந்தப் பிள்ளைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை, எல்லையைத் தாண்டியிருந்தது. வெறும் வயிற்று அளவு சரியாகவே இருந்தது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்று சர்க்கரை மட்டும் பார்த்தால் இப்படித் தப்பிவிடும்.

உடம்பைக் குறை என்று எல்லோரும் சொல்வார்கள், அதைப்பற்றி நான் இங்கே விரிக்கவில்லை. ஆனால் மாதவிடாய் வராமலே இருப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கும். முட்டை வெளியான பிறகு வருகிற புரோஜெஸ்ட்ரோன் அந்த வளர்ச்சியை நிறுத்தி, பக்குவப்படுத்தி, பிறகு அது உதிரக் காரணமாகிறது. முட்டை வெளியாகாவிட்டால் புரோஜெஸ்ட்ரோன் இல்லை, சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் அப்படி விட்டால் புற்றாக மாற வாய்ப்பு உண்டு. "வராட்டா நல்லதுதான, தொல்ல இல்ல" என்று காலேஜ் பிள்ளைகள் சொல்லும்போது எனக்குப் பதறும். மூன்று மாதத்துக்கு மேல் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சில நாள் மாத்திரை கொடுத்து வரவைப்பார்கள்.

மாத்திரையில்தான் அடுத்த சண்டை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா அதை மெடிக்கலில் காட்ட, கடைக்காரர் இன்னதென்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரே ரகளை. நான் ரத்தம் எடுக்கப் போன அன்று அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு, "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இத எழுதிக் குடுத்திருக்காங்களே யக்கா, அவங்களுக்கும் பொம்பளப் பிள்ள இருக்கும்லா?" என்று கேட்டார். நான் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். அந்த மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், கல்லீரலில் அந்தப் புரதத்தைக் கூட்டி டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும். அதோடு இருக்கிற இன்னொரு ஹார்மோன் சவ்வு தடிக்காமல் காக்கும். கர்ப்பம் தடுப்பது அதன் இன்னொரு வேலை. இவளுக்கு எழுதியது முதலில் சொன்ன இரண்டுக்காக. நிறுத்தினால் பிள்ளை பெற முடியாமல் போகாது. ஒற்றைத் தலைவலியோ, குடும்பத்தில் ரத்தக் கட்டு வந்த வரலாறோ இருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னேன். அந்த அம்மா முழுக்க நம்பினாரா தெரியாது. ஆனால் மகள் சாப்பிடுகிறாள், தொடர்ந்து டெஸ்டுக்கும் வருகிறாள்.

பெரியவளாகி ஒன்றிரண்டு வருஷமே ஆன சின்னப் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு பிசிஓஎஸ் என்று முத்திரை குத்துவதையும் பார்க்கிறேன். முதல் வருஷம் முன்பின்னாக வருவது இயல்பு. மூன்று வருஷம் வரை 21 முதல் 45 நாள் இடைவெளி சகஜம். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனையோ ஏஎம்எச் அளவையோ வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுசெய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலும் நிறைய உருண்டைகள் தெரியும்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது வேறு ஒரு பெண்ணின் விஷயத்தில். போலீஸ் பர்த்திக்கு, அதாவது ஆள்சேர்ப்புக்கு, தயாராகிறவள். விடியற்காலை சிவாஜி பார்க்கில் ஓட்டம், மாலையில் உடற்பயிற்சி, எடை கூடக் கூடாதென்று ராத்திரி சாப்பாட்டையே விட்டிருந்தாள். ஐந்தாறு மாதமாக வரவில்லை. ஓரிடத்தில் ஸ்கேன் மட்டும் பார்த்து நீர்க்கட்டி, எடையைக் குறை என்று அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தவள் இன்னும் குறைத்தாள். எங்களிடம் வந்தபோது எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடயால் மூன்றுமே தரையில் கிடந்தன. உடம்புக்குக் கிடைக்கிற சாப்பாடு செலவுக்குப் போதாதபோது மூளையே சினைப்பைக்குச் சொல்வதை நிறுத்திவிடும். பிசிஓஎஸ்ஸுக்கு நேர் எதிரான நிலை இது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் அந்த வயதில் எலும்பு கட்டப்படாது. ஓடுகிற பெண்ணுக்குக் கால் எலும்பில் கீறல் விழும். ரிப்போர்ட்டை நான் விளக்கக் கூடாது, அது டாக்டர் வேலை. ஆனால் "ஹார்மோன் டாக்டரைப் பாரு, சாப்பாட்டைக் குறைக்காதே" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் மாத்திரையைவிடச் சோற்றால்தான் தேறினாள்.

மாதவிடாய் நின்றால் தைராய்டும், பால் சுரக்கவைக்கிற ஹார்மோனான புரோலாக்டினும் சேர்த்துப் பார்ப்பார்கள். புரோலாக்டின் பதற்றத்திலேயே ஏறும். மாடிப்படி ஏறி ஓடி வந்து உடனே கையை நீட்டாமல் கொஞ்சம் உட்கார்ந்த பிறகு கொடுங்கள்.

இனி என் சித்தியைப் பற்றி.

சித்தி தாராவியில் இட்லி வியாபாரம். நாலு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, ஏழு மணிக்கெல்லாம் இட்லி அண்டா சைக்கிளில் கிளம்பிவிடும். முப்பத்தாறு வயதில் அவளுக்கு ரத்தப்போக்கு அதிகமாகி, ஊர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டு பிள்ளை இருக்கிறதே, இனி எதற்கு என்பதுதான் அங்கே எல்லோரும் சொன்னது. சித்தியும் நிம்மதியாகத்தான் திரும்பி வந்தாள். ஒரு மாதத்துக்குள் ராத்திரி தூக்கம் போயிற்று. உச்சந்தலையிலிருந்து சூடு கிளம்பி நெஞ்சு முழுக்க வேர்க்கும், அடுப்பு முன்னால் நிற்க முடியாமல் வாசலுக்கு ஓடிவருவாள். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவாள். சித்தப்பாவோடு சண்டை. அடிக்கடி நீர்க்கடுப்பு. எங்கள் சாலில் (வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் காற்றுச் சேட்டை என்று மந்திரிக்கக்கூடக் கூட்டிப்போனார்கள். பிறகு அதெல்லாம் மெல்ல அடங்கிவிட்டது, சித்தியும் மறந்துவிட்டாள். ஐம்பது தாண்டியதும் ஒரு மழைக்காலத்தில் குழாயடியில் வழுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்தது. அவ்வளவு லேசான விழுதலுக்கு எலும்பு உடைகிறதே என்று சந்தேகப்பட்டு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். இடுப்பில் டி ஸ்கோர் மைனஸ் 3க்கும் கீழே. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனாலே எலும்புத் தேய்வு.

அப்போதுதான் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தேன். ரேஷன் கார்டோடு பாலிதீன் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். அதில் புற்று இல்லை, கட்டி இல்லை. பரிசோதனை முடிவிலேயே இயல்பான சினைப்பைகள் என்று எழுதியிருக்கிறது. சித்திக்கு அது அன்றுவரை தெரியாது. "கர்ப்பப்பைய எடுத்தா எல்லாம் அதோட போயிரும்னுதான நெனச்சேன்" என்றாள்.

இயற்கையாக மாதவிடாய் நிற்கும்போது ஹார்மோன்கள் சில வருஷம் தள்ளாடித் தள்ளாடிக் குறையும். இரண்டு சினைப்பையையும் எடுத்தால் ஓரிரு நாளில் ஈஸ்ட்ரோஜன் விழுந்துவிடும். சித்திக்கு வந்த சூடு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அதுதான். எலும்புக்குள் பழைய பூச்சைக் கொத்துகிறவர்களும் புதுப் பூச்சு பூசுகிறவர்களும் எப்போதும் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்துகிறவர்களைக் கட்டுப்படுத்துகிற மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன். முப்பத்தாறு வயதில் அந்த மேஸ்திரியை அனுப்பிவிட்டால் பதினைந்து வருஷத்தில் என்ன மிஞ்சும்? எலும்பு ஸ்கேனில் தெரிந்தது. இதயத்தில் நடப்பது அப்படித் தெரியாது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 45 வயதுக்கு முன்பு இரண்டு சினைப்பையும் எடுக்கப்பட்டு, ஈஸ்ட்ரோஜனும் கொடுக்கப்படாத பெண்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது தெரிந்தது.

அப்படி எடுத்துவிட்டால், தடையாக வேறு நோய் இல்லாத பட்சத்தில், இயல்பாக நிற்கிற வயது வரையாவது ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு முன்பே சினைப்பை தானாகச் செயலிழந்தவர்களுக்கும் இதுதான். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு அதோடு புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்துத் தருவார்கள், சவ்வு தடிக்காமல் இருக்க. சித்திக்கு யாரும் தரவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மருந்து கொடுத்துப் பார்த்த, டபிள்யூஎச்ஐ என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதியை மார்பகப் புற்று அதிகமாகத் தெரிகிறது என்று 2002இல் நிறுத்தினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க டாக்டர்களே ஹார்மோன் மருந்துக்குப் பயந்தார்கள். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. கூடுதலாக வந்த மார்பகப் புற்று, வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் 8. அதுவும் இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களில். முப்பத்தாறு வயதில் சினைப்பை இழந்த இட்லிக்காரிக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தப் பயத்தின் விலையை அவளைப் போன்றவர்கள் கொடுத்தார்கள்.

இந்த மகாராஷ்டிராவிலேயே பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டுகிற பெண்கள் கதை 2019இல் வெளியே வந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் முக்காதம் (ஆள் கூட்டிப்போகிற கான்ட்ராக்டர்) காசு பிடிப்பான் என்பதற்காக, மாதவிடாயே வேண்டாமென்று இருபது முப்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண்ணுக்குச் சித்தியின் மணிக்கட்டுதான் தெரிந்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குச் சினைப்பையும் சேர்ந்து போனதோ, அதை யார் அவர்களிடம் சொன்னார்களோ.

சித்திக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. இத்தனை வருஷம் கழித்து ஈஸ்ட்ரோஜன் தொடங்குவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் ஒரு முறை எலும்புக்கு மாத்திரை. வெறும் வயிற்றில் முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நாலு மணிக்கு எழுகிறவளுக்கு அது சிரமமே இல்லை. கால்சியம், வைட்டமின் டி தனி.

இந்த வருஷம் சித்தியின் மருமகளுக்கு அதே ரத்தப்போக்கு. வயது நாற்பத்தொன்று, கர்ப்பப்பையில் தசைக்கட்டி, ஹீமோகுளோபின் 8. நாற்பதை ஒட்டி முட்டை வெளியாகாத மாதங்கள் கூடும்; புரோஜெஸ்ட்ரோன் இல்லாமல் சவ்வு தடித்துக் கொட்டும். பல பேருக்கு அதற்கு மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் காயிலோ போதும். அவளுக்கு இரண்டும் பார்த்தாயிற்று, கட்டி பெரிது, எடுக்கத்தான் வேண்டும். டாக்டரைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் போனோம். சித்திதான் முதலில் பேசினாள். "டாக்டரம்மா, சினைப்பைய விட்டுருவீங்கள்லா?" என்றாள். குடும்பத்தில் சினைப்பைப் புற்றோ மார்பகப் புற்றோ உண்டா என்று டாக்டர் விசாரித்தார். இல்லை என்றதும், அப்படியானால் எடுக்கக் காரணமில்லை, கர்ப்பப்பையோடு கருக்குழாயை மட்டும் எடுத்துவிடுகிறேன், பிற்காலத்தில் புற்று வருகிற வாய்ப்பு அதனால் குறையும், சினைப்பை இரண்டும் இருக்கட்டும் என்றார். அதை ஒப்புதல் படிவத்தில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். இந்தியில் இருந்ததை மருமகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் தீபாவளி கழிந்து. அதற்குள் ரத்தத்தைப் 10க்கு மேல் ஏற்ற வேண்டுமென்று இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் நான் போய்த்தான் மறுபடி ரத்தம் எடுக்கப் போகிறேன்.